ஒப்புக்கொடுத்த வலி

நைட் ஷிப்ட் முடித்து வீட்டுக்கு வரும் ஆண்கள் காபி கேட்பார்கள், வெந்நீர் கேட்பார்கள், சிலர் சண்டை போட ஆள் தேடுவார்கள். மந்தாரக்குப்பத்துத் தைரியநாதன் சார்ஜ் கேட்பான். வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து வேப்பமரத்துப் பக்கமாய் உதறுவான். நிலக்கரித் தூள் பறக்கும். பிறகு படியில் நின்றபடியே, "ம், சார்ஜ் குடு" என்பான். உள்ளே மணைப்பலகையில் உட்கார்ந்திருக்கும் அவன் மனைவி ஸ்டெல்லா இரண்டு கைகளையும் முன்னால் நீட்டுவாள்.

"வலது மணிக்கட்டு வீங்கிகினு இருக்கு. இடது கையில நடுவெரலு, மோதர வெரலு, ரெண்டு முட்டியும் தொட்டா வலி. கால்முட்டி பரவால்ல."

"விறைப்பு?"

"பால்காரரு வந்தப்ப வெரலு மடங்கல. அவரு அடுத்த தெருவ முடிச்சிகினு திரும்பிப் போனாரு பாருங்க, அப்பதான் மடங்குச்சு."

"நம்பரு?"

"ஆறு போட்டுக்குங்க."

அவன் ஒவ்வொரு முட்டியாகப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பான். "ஆறு. சரி, எடுத்துக்கிட்டன். நீ போய்க் குந்து."

அவள் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருப்பாள். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லியாக வேண்டும். நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் அவனுக்குக் கன்வேயர் பெல்ட் பார்க்கிற வேலை. ஷிப்ட் மாறும்போது போகிறவன் வருகிறவனிடம் எந்த ரோலர் சத்தம் போடுகிறது, எந்த பேரிங் சுடுகிறது என்று வாய்விட்டுச் சொல்வான்; அதற்குத்தான் சார்ஜ் கொடுப்பது என்று பேர். வருகிறவன் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "எடுத்துக்கிட்டன், நீ போய்க் குந்து" என்று சொன்னால்தான் போகிறவன் நகரலாம். அந்த வழக்கத்தை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டான் மனுஷன்.

ஸ்டெல்லாவுக்கு வந்திருப்பது சரவாங்கி. மூட்டு மூட்டாகப் பிடித்துத் தின்கிற வாதம். ஆரம்பத்தில் மாதம் ஒரு தடவை பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார்கள். கடலூர் வழியாகப் பஸ்ஸில் குலுங்கிப் போய் வருவதிலேயே முட்டி இரண்டும் பூசணிக்காய் மாதிரி ஆகிவிடும். டாக்டரம்மா நல்ல மாதிரி. "நீங்க எதுக்கு இவ்வளவு தூரம் அலையறீங்க? வீட்லயே பார்த்துக்கறதுக்குச் சொல்லித் தர்றோம்" என்று நர்ஸ் தமயந்தியிடம் அனுப்பினார். தமயந்தி புருஷன் பெண்டாட்டி இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, தோளிலிருந்து விரல் வரைக்கும், அப்புறம் கால்முட்டி, எந்த இடத்தில் எவ்வளவு அழுத்த வேண்டும் என்று காட்டிக்கொடுத்தாள். கட்டைவிரல் நகம் வெளுக்கிற அளவு அழுத்தினால் போதும். வலியே இல்லையென்றால் சைபர். தாங்கவே முடியாவிட்டால் பத்து. வாரக் கடைசியில் அந்த நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும். அதைப் பார்த்து மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ அங்கிருந்தே சொல்லிவிடுவார்கள். நம்பர் நன்றாக இருந்தால் ஆஸ்பத்திரிக்கு வரவே வேண்டாம்.

அதே நாளில் கற்றுக்கொண்ட இன்னொருத்தி செல்லக்கிளி. சொந்த ஊர் கம்மாபுரம் பக்கம். இப்போது மந்தாரக்குப்பத்தில் ஸ்டெல்லாவுக்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருக்கிறாள். டவுன்ஷிப் பிளாக்குகளில் தெருக்கூட்டுகிற கான்ட்ராக்ட் வேலை. அவளுக்கும் சரவாங்கிதான், ஆனால் அவள் வலி தெருவுக்கே தெரியும். காலையில் கதவைத் திறந்ததும், "எனுக்கு இன்னிக்கி எட்டு!" என்று கத்துவாள். யாரைப் பார்த்து என்றில்லை, பொதுவாகக் கத்துவாள். கேட்டவர்களில் யாராவது ஒருவர் அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர் பிடித்து வைப்பார்கள்.

ஸ்டெல்லாவின் பிழைப்பு இடியாப்பம். அரிசி மாவை வறுத்து, கொதிக்கிற தண்ணீர் விட்டுப் பிசைவாள். கொதிமாவின் சூடு விரலுக்கு இதமாக இருக்கும். விறைத்துக் கிடக்கிற கை அதில்தான் மெல்ல மெல்ல இளகும். அச்சைப் பிழிவது மட்டும் அவளால் ஆகாது. அது தைரியநாதன் வேலை. நைட் ஷிப்ட் வாரத்தில் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்து, அத்தனை தட்டும் பிழிந்து கொடுத்துவிட்டுத்தான் தூங்கப் போவான். மற்ற ஷிப்ட் வாரங்களில் இடியாப்பம் கிடையாது, புட்டுதான். தெருவில் எல்லோருக்கும் இது பழகிவிட்டது. தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் மணக்க, பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நிற்பார்கள். இவ்வளவு வலிக்கு நடுவிலும் அந்த வீட்டில் சிரிப்புக்குக் குறைவில்லை என்று சொன்னால் நம்ப வேண்டும்.

அந்த வருஷம் தவக்காலம் தொடங்கியபோதுதான் சங்கதி தடம் மாறியது.

சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆட்களில் கொஞ்சம் பேரைப் பர்மனென்ட் ஆக்கப்போகிறார்கள் என்று மாசி மாதம் முழுக்க ஒரே பேச்சு. தைரியநாதன் இளந்தாரியாக இருந்தபோது கான்ட்ராக்டில் சேர்ந்தவன். இப்போது மீசை நரைத்தும் கான்ட்ராக்ட்தான். நெய்வேலியில் பர்மனென்ட் என்ற சொல்லைச் சில பேர் மாதாவின் பேரைச் சொல்வதுபோலச் சொல்வார்கள். ஸ்டெல்லாவும் அப்படித்தான். பிளாக்கில் ஒரு குவார்ட்டர்ஸ், வாசலில் மாமரம், குழாயைத் திருகினால் தண்ணீர். ஏதாவது வேலையாக டவுன்ஷிப்புக்குள் போகும்போதெல்லாம் ஒரு மூலை வீட்டைப் பார்த்துக்கொண்டே நடப்பாள். அந்த வீட்டுக் காம்பவுண்டில் வெள்ளைச் செம்பருத்தி இருந்தது.

திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு கோயிலில் உட்கார்ந்திருந்தாள். தவக்காலத்தில் ஆளுக்கு ஒன்றை ஒறுத்து ஆண்டவருக்கு ஒப்புக்கொடுப்பது வழக்கம். ஒருவர் கறியை விடுவார், ஒருவர் வெற்றிலையை விடுவார். ஸ்டெல்லாவிடம் விடுவதற்கு என்ன இருக்கிறது? கறி எப்போதாவது. டீ ஒன்றுதான், அதையும் போன வருஷமே கொடுத்தாயிற்று. சாமியார் பிரசங்கத்தில், செய்கிற ஒறுத்தலை வெளியே காட்டிக்கொள்ளக் கூடாது, காட்டினால் அதற்குப் பலனில்லை என்றார். அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. தன்னிடம் நிறைய இருப்பது வலிதான். அதைக் கொடுத்துவிடலாம். அவருக்குப் பர்மனென்ட் ஆகட்டும் என்று கேட்டு, ஈஸ்டர் உயிர்ப்புப் பெருநாள் வரைக்கும் வலியை ஒப்புக்கொடுப்பது; யாரிடமும் மூச்சு விடுவதில்லை. முழங்கால் போட முடியாததால் உட்கார்ந்தபடியே வேண்டிக்கொண்டு எழுந்தாள். மனசு அவ்வளவு லேசாக இருந்தது.

மறுநாள் காலை சார்ஜ் கேட்டவனிடம், "இன்னிக்கி ரெண்டுதாங்க" என்றாள்.

"ரெண்டா! காட்டு பாப்பம்."

"தொடாதீங்க. தவக்காலம்."

"கையத் தொடறதுக்குமா நோன்பு?"

"எல்லாத்துக்குந்தான். நானே அமுக்கிப் பாத்துக்கறன்."

தைரியநாதன் கோயிலுக்குக் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் என்று வருஷத்துக்கு இரண்டு நாள் போகிறவன். நோன்பு விஷயத்தில் பெண்டாட்டி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டான். அடுத்த வாரம் நம்பர் ஒன்றுக்கு இறங்கியது. அதற்கடுத்து சைபர். சந்தோஷம் தாங்காமல் ஷிப்டில் எல்லோருக்கும் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தான். தமயந்தி போன் செய்து, "சூப்பர்க்கா, டாக்டர் மாத்திரையைக் குறைக்கச் சொல்லிட்டாங்க. இப்பதைக்கு நீங்க வரவே வேணாம்" என்றாள். ஸ்டெல்லா போனை வைத்துவிட்டுச் சற்று நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாத்திரை குறைவதும் ஒறுத்தலில் சேர்த்திதான் என்று எடுத்துக்கொண்டாள். பைத்தியக்காரி என்று திட்டத் தோன்றுகிறது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் திட்ட வாய் வராது. அவ்வளவு நம்பிக்கையாக இருந்தாள்.

மாத்திரை குறைந்த பிறகு வலி சும்மா இருக்குமா? பங்குனி வெயில் ஏற ஏற அதுவும் ஏறியது. மாவு பிசையும்போது உள்ளங்கையை விட்டு மணிக்கட்டால் பிசைந்தாள். தலை வாருவதை விட்டுக் கொண்டையாக முடிந்துகொண்டாள். குருத்தோலை ஞாயிறன்று பவனியில் ஓலை கையிலிருந்து நழுவி நழுவி விழுந்தது. கடைசியில் அக்குளில் இடுக்கிக்கொண்டு பாடிக்கொண்டே போனாள். இன்னும் ஒரு வாரம், பல்லைக் கடித்தால் பெருநாள் வந்துவிடும்.

திங்கட்கிழமை காலையில் தைரியநாதன் வந்து கதவைத் தட்டினான். ஸ்டெல்லா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தாழ்ப்பாளில் விரல் வைத்தாள். விரல் மடங்கவில்லை. இரண்டு கையையும் சேர்த்து வைத்துத் தள்ளினாள். இரும்பு அசையவில்லை.

"என்னா புள்ள, தூங்கறியா?"

"வந்துகினே இருக்கன். செத்த இருங்க."

வெளியே அவன் துண்டை உதறுகிற சத்தம் கேட்டது. சைக்கிள் மணியை விளையாட்டாக அடித்தான். அப்புறம் சத்தம் இல்லை. ஸ்டெல்லா முழங்கையை மடக்கித் தாழ்ப்பாளின் கீழே கொடுத்து மேல்பக்கமாய் இடித்தாள். ஒரு தடவை, இன்னொரு தடவை. தாழ் கழன்றபோது கண்ணில் பூச்சி பறந்தது. கதவு திறந்தது. அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, முழங்கையைப் பார்த்தான். தோல் உரிந்திருந்தது.

"சார்ஜ் குடு" என்றான். குரல் மாறியிருந்தது.

"சைபருங்க."

அவன் நோன்பு கீன்பு ஒன்றும் கேட்கவில்லை. கையைப் பிடித்துப் புறங்கையை அவள் முட்டிகளின்மேல் வைத்தான். உடனே எடுத்துவிட்டான்.

"பேரிங் கொதிக்குது, நீ சைபர்ங்கற."

அந்த நேரம் பார்த்துச் செல்லக்கிளி இடியாப்பத்துக்குப் பாத்திரத்தோடு வந்து சேர்ந்தாள். வாசலில் நின்ற கோலத்தைப் பார்த்ததும் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"என்னாண்ணே, அக்காவுக்கு என்னா?"

"நீயே பாரு செல்லக்கிளி. நீயும் படிச்சவதான இதெல்லாம்."

செல்லக்கிளி ஸ்டெல்லாவின் கையைத் தன் இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துக்கொண்டாள். அவள் விரல்களும் கோணிக்கொண்டவைதான்.

"அட பாவத்த. இது பத்துக்கு மேல ஒண்ணு இருந்தா அங்க போயி நிக்கும். ஏங்க்கா பொய் சொன்ன?"

"பொய் இல்ல."

"பின்ன?"

"அத நான் குடுத்துட்டன். குடுத்தப்பறம் என்னுது இல்ல. அதான் சைபர்."

"ஆருகிட்டக் குடுத்த?"

ஸ்டெல்லா சுவரில் தொங்கிய இயேசுவின் திருஇருதயப் படத்தைப் பார்த்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்: சாம்பல் பூசிய அன்று வேண்டிக்கொண்டதை, வெளியே சொன்னால் பலனில்லை என்றதை, அந்த மூலை வீட்டை, வெள்ளைச் செம்பருத்தியை. "இன்னும் ஒரு வாரந்தான் இருந்துச்சு. இப்ப சொல்லிட்டன். எல்லாம் போச்சு. ஒங்க பர்மனென்டு என்னாலதான் போச்சு."

தைரியநாதன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். கரி அப்பிய முகத்தில் கண் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

"நான் பர்மனென்ட் ஆவறதுக்கு நீ வெரல ஒடிச்சிக்கணுமா?"

"ஒடியல."

"ஒடியலையா? தாப்பாளு தொறக்க முடியலயே ஒனக்கு! போன மழயில முந்தின ஷிப்டு குஞ்சிதபாதம் என்னா பண்ணான், சொன்னன்ல? தீவாளிக்குப் போற அவசரத்துல எல்லாம் ஓக்கேன்னு சொல்லி சார்ஜ் குடுத்துட்டுப் போய்ட்டான். சொன்னா நிக்கச் சொல்லுவாங்களேன்னு பயம். ரோலரு கத்துனது அவனுக்குத் தெரியும். அப்பறம் பெல்ட்டு கிழிஞ்சி, ராவெல்லாம் மழயில நின்னு கரிய வாரிகினு இருந்தது ஆரு? நாங்கதான். ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சித்தான் அவனும் சொல்லல."

"அது மிஷினுங்க. இது சாமிக்குக் குடுத்தது. குடுத்தத எப்பிடித் திருப்பிக் கேக்கறது?"

"எங்க ஊட்டு மாரியம்மனா இருந்தா ஒரு கூழு ஊத்தி சமாதானம் பண்ணிடலாம். ஒங்க சாமி எப்பிடின்னு எனுக்குத் தெரிலியே" என்றாள் செல்லக்கிளி.

தைரியநாதன் எழுந்தான். வேப்பமரத்தைப் பார்த்தான், சைக்கிளைப் பார்த்தான்.

"ஆரு பேர்ல குடுத்த?"

"ஒங்க பேர்லதான்."

"எம் பேர்லதான?" என்று இன்னொரு தடவை கேட்டுக்கொண்டு, குளிக்காமல் கொள்ளாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பெண்கள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பிசைந்த மாவு ஆறிக்கொண்டிருந்தது. செல்லக்கிளி அதில் ஈரத்துணியைப் போட்டு மூடினாள். வாசலுக்கு வந்தவர்களிடம், "இன்னிக்கி லேட்டு ஆவும். அக்காவுக்குப் பத்து" என்று சொல்லி அனுப்பினாள். எதிர்வீட்டுக்காரி சொல்லாமலே வந்து தேங்காய் துருவ உட்கார்ந்தாள். யாரோ ஸ்டெல்லாவின் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனார்கள். ஸ்டெல்லாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. இத்தனை நாளும் மூன்று வீடு தள்ளிச் செல்லக்கிளி கத்தும்போதெல்லாம், வலியைப் போய் இப்படி ஊருக்குச் சொல்வாளா என்று உள்ளுக்குள் நினைத்தவள்தான் அவள்.

வெயில் நன்றாக ஏறியபோது சைக்கிள் திரும்பி வந்தது. தைரியநாதன் கையில் ஒன்றுமில்லை. ஆனாலும் எதையோ சுமந்து வந்தவன் மாதிரி மெதுவாக இறங்கினான்.

"வாங்கியாந்துட்டன்" என்றான்.

"எத?"

"நீ குடுத்தத. பூச முடிஞ்சி கோயிலு காலியாத்தான் இருந்துச்சு. நேரா பீடத்துக்கிட்டப் போயி நின்னன். 'ஆண்டவரே, எம் பொஞ்சாதி எம் பேர்ல ஒண்ணு குடுத்திருக்கா. எனுக்குத் தெரியாமக் குடுத்தது. பேரு என்னுது, அதனால நானே வந்து எடுத்துக்கறன். அவமேல கோவம் வெக்காதீங்க' அப்பிடின்னன்."

"அப்பிடியேவா சொன்னீங்க?"

"அப்பிடியேதான். பின்னாடி திரும்பிப் பாத்தா, வாசல்லேர்ந்து பீடம் வரைக்கும் என் காலு கரி. கோயில்பிள்ள தொடப்பத்தோட நிக்கறாரு. முழுக்கத் தொடச்சிட்டுத்தான் போவணும்னுட்டாரு. அதான் லேட்டு."

செல்லக்கிளி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். ஸ்டெல்லா சிரிக்கவில்லை.

"அவரு என்னா சொன்னாரு?"

"கோயில்பிள்ளயா?"

"ஆண்டவருங்க."

"ஒண்ணும் சொல்லல. எங்க இஞ்சினியரு மாதிரிதான். கூடாதுன்னா ஒடனே கத்துவாரு. சும்மா இருந்தா எடுத்துகினு போன்னு அர்த்தம்."

ஸ்டெல்லா அவன் முகத்தையே பார்த்தாள். வருஷத்துக்கு இரண்டு நாள் கோயிலுக்குப் போகிறவன், அழுக்குச் சட்டையோடு தனக்காகப் போய்ப் பீடத்தின் முன்னால் நின்றிருக்கிறான். கேட்க ஒரு கேள்விதான் மிச்சமிருந்தது.

"பர்மனென்டு?"

"வந்தா வரட்டும், வராட்டிப் போவட்டும். நாளைக்கே குவார்ட்டர்ஸு குடுத்தா அந்த வூட்டுத் தாப்பாளத் தொறக்க எனுக்கு ஆளு வாணாமா?"

அப்போதுதான் ஸ்டெல்லாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. இரண்டையும் துடைத்துக்கொள்ள விரல் மடங்கவில்லை. செல்லக்கிளிதான் முந்தானையால் துடைத்துவிட்டாள். ஸ்டெல்லா சுவரைப் பிடித்து எழுந்து நின்று, வழக்கம்போல் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினாள்.

"வலது தோளு தூக்க முடியல. முழங்கை ரெண்டும் வலி. மணிக்கட்டு ரெண்டும் வீக்கம். வெரலுல கட்டவெரலத் தவிர எல்லா முட்டியும் வீங்கியிருக்கு, தொட்டாத் தொட்ட எடத்துல உசுரு போவுது. கால்முட்டி மடங்கல. விறைப்பு இன்னும் விடல. குருத்தோல ஞாயித்துக்கெழம ஓலயக்கூடப் புடிக்க முடியலங்க."

சொல்லச் சொல்ல அவளுக்கே நம்ப முடியவில்லை, இத்தனையும் தன் உடம்பிலா இருந்தது என்று. தைரியநாதன் ஒவ்வொரு இடமாகப் புறங்கையை வைத்துக்கொண்டே வந்தான்.

"நம்பரு?"

"ஏழு." பிறகு தலையை ஆட்டினாள். "இல்ல. ஒம்பது."

"என்னத் தாண்டிட்ட" என்றாள் செல்லக்கிளி.

போனில் அப்படியே அனுப்பினார்கள். தமயந்தி உடனே கூப்பிட்டாள். ஸ்டெல்லா நடந்ததை மறைக்காமல் சொன்னாள். தமயந்தி, "திட்டறதுன்னா நேர்ல திட்டிக்கறேன்க்கா. டாக்டர் நாளைக்கே வரச் சொல்லிட்டாங்க. மாத்திரையைச் சரி பண்ணிடலாம், பயப்படாதீங்க. இனிமே நம்பரை மட்டும் வேற யாருக்கும் குடுக்காதீங்க, எங்களுக்குக் குடுங்க" என்றாள்.

தைரியநாதன் குழாயடியில் கைகால் மட்டும் கழுவிக்கொண்டு வந்தான். ஆறிய மாவில் வெந்நீர் தெளித்து, தானே மறுபடி பிசைந்தான். சரியாக வரவில்லை; எதிர்வீட்டுக்காரி வாங்கிப் பிசைந்து கொடுத்தாள். அவன் அச்சில் மாவை அடைத்து, தட்டின்மேல் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான். ஸ்டெல்லா இன்னும் கையை நீட்டியபடி சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள்.

"அதான் எடுத்துக்கிட்டன்ல? நீ போய்க் குந்து."

இந்தத் தடவை அவள் நிஜமாகவே போய் உட்கார்ந்தாள்.